சுப்பர்மானை வென்றது யார்?

கர்ணன் பெரியவனா, அருச்சுனன் பெரியவனா என்று திண்ணைகளிலும் பட்டிமன்ற மேடைகளிலும் விடியவிடிய வாதாடிப் பழகியவர்கள் நாம். ஆகவே, சுப்பர்மானும் ஹல்க்கும் மோதினால் வெல்பவர் யார் என்று அமெரிக்க இளைஞர்கள் தொண்டை வரளத் தர்க்கம் புரிவதைக் கேட்டு நாம் சிரிப்பதற்கு நியாயமில்லை. இலக்கியம் பேசும் தொடரிலே சித்திரக்கதைக்கு என்ன வேலை என்று நேயர்களில் சிலர் முகஞ் சுழிக்கக்கூடும். சற்றுப் பொறுத்துக் கேளுங்கள். இந்தச் சிறுபிள்ளைத் தர்க்கத்துக்கு எண்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு ஒன்றுண்டு. அதிலே நீதிமன்றம் வருகிறது, உடன்படிக்கை வருகிறது, வங்குரோத்து வருகிறது. பெயரின்றி மறைந்துபோன ஓர் எழுத்தாளரும் வருகிறார்.

கர்ணனும் அருச்சுனனும் ஒரே காவியத்துள் நின்று பொருதவர்கள். அவர்களுக்கு எவரும் உரிமை கொண்டாட முடியாது. வில்லிபுத்தூராரும் பாடலாம், நமது அண்ணாவியார் ஒருவரும் கூத்தாக்கி ஆட்டுவிக்கலாம். சுப்பர்மானின் நிலை அதுவன்று. அவன் டி.சி. என்ற கம்பனியின் சொத்து. ஸ்பைடர்மான் மார்வல் என்ற போட்டிக் கம்பனியின் சொத்து. இரண்டு வேலிகளுக்குள் கட்டிவைத்த இரு காளைகளை மோதவிட வேண்டுமானால், முதலில் வேலிக்காரர் இருவரும் இணங்க வேண்டும்.

மார்வலின் முதுபெரும் ஆசிரியரான ஸ்டான் லீயிடம் இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் குறைவு. எழுதுகிறவன் யாரை வெல்லவைக்க விரும்புகிறானோ அவனே வெல்வான் என்பது அவர் சொல்லிவந்த விடையின் சாரம். கேட்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தவற்றைப் புரட்டிப் பார்க்கும்போது என்னால் அதை ஏற்க முடியவில்லை. பெயர்பெற்ற சண்டைகள் பலவற்றில், முடிவு செய்யும் அதிகாரம் எழுதுகிறவனின் கையிலே இருந்ததே இல்லை.

முதலில் 1938 ஆம் ஆண்டுக்குப் போவோம். கிளீவ்லன்ட் நகரைச் சேர்ந்த ஜெரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரு யூத இளைஞர்கள், ஆண்டுக்கணக்காக எங்கும் விலைபோகாமல் கிடந்த தமது சுப்பர்மானை 130 டொலருக்கு விற்றார்கள். விற்றது கதையை மட்டுமன்று, பாத்திரத்தின் மீதிருந்த முழு உரிமையையுந்தான். அப்போது இருவருக்கும் வயது 23. அந்த 130 டொலரையும் வேறு சில வேலைகளுக்கான கூலியையும் சேர்த்து 412 டொலருக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட காசோலை 2012 இல் ஏலத்துக்கு வந்தது. 160,000 டொலருக்குப் போயிற்று. ஒரு கடுதாசித் துண்டுக்கு!

சுப்பர்மான் விற்பனையில் கொடிகட்டிப் பறந்ததும் ஏனைய கம்பனிகள் சும்மா இருக்குமா? புதிய வீரர்கள் புற்றீசலாகக் கிளம்பினார்கள். அவர்களை ஒருவரோடொருவர் மோதவிடும் எண்ணமும் விரைவிலேயே பிறந்துவிட்டது. பின்னாளில் மார்வல் எனப் பெயர்பெற்ற கம்பனி 1940 இல் தன் இரு வீரர்களைக் களத்தில் இறக்கியது. ஒருவன் கார்ல் பர்கோஸ் படைத்த நெருப்பு மனிதன். மற்றவன் பில் எவரெட் படைத்த, கடலடி இராச்சியத்து இளவரசனான நேமோர். நெருப்பும் நீரும் மோதினால் என்ன ஆகும்? பக்கம் பக்கமாக நியூயோர்க் நகரமே அதிர அடிபட்டார்கள். அடுத்த இதழின் ஒற்றைப் பக்கத்தில் பெண் பொலிஸ் ஒருவர் சமாதானம் செய்துவைத்தார். வெற்றி தோல்வி இல்லை. இரண்டு பேரும் ஒரே கடையின் சரக்கு; எவன் தோற்றாலும் நட்டம் ஒரே கல்லாப்பெட்டிக்கு. பிற்காலத்தில் வந்த சண்டைகள் பலவற்றின் முடிவை இந்த ஒற்றைப் பக்கம் முன்கூட்டியே எழுதிவிட்டது எனலாம்.

ஆனால் அதே காலத்தில் வேறொரு சண்டை தொடங்கியிருந்தது. அது கதைப் பக்கங்களில் நடக்கவில்லை. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

போசெட் என்ற பதிப்பகம் 1940 இன் தொடக்கத்தில் கப்டன் மார்வல் என்ற வீரனை வெளிக்கொணர்ந்தது. பில் பாக்கர் எழுத, சி.சி. பெக் வரைந்தார். பில்லி பற்சன் என்ற அனாதைச் சிறுவன் 'ஷசாம்' என்று உச்சரித்ததும் மின்னல் வெட்ட, மறுகணம் வளர்ந்த மாவீரனாகிறான். சுப்பர்மான் மேலிருந்து வந்தவன்; இவனோ வாசிக்கும் சிறுவனைப் போலவே ஒரு சிறுவன். ஒரு சொல்லை அறிந்திருந்தால் போதும், நீயும் வீரன்தான் என்ற அந்தக் கற்பனை பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டது. 1940 களின் நடுப்பகுதியில் கப்டன் மார்வலின் சஞ்சிகை சுப்பர்மானை விற்பனையில் முந்திவிட்டது. அப்படியானால் அமெரிக்கச் சிறுவர்கள் பத்துச் சதம் பத்துச் சதமாகத் தீர்ப்பு எழுதிவிட்டார்கள் என்றுதானே பொருள்?

சுப்பர்மானின் உரிமையாளர்கள் அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. 1939 இல் வந்த வொண்டர் மான் என்ற பாத்திரத்தை வழக்குப் போட்டு ஒரே இதழோடு ஒழித்த அனுபவம் அவர்களுக்கு இருந்தது. 1941 இல் போசெட் மீதும் வழக்குத் தொடுத்தார்கள். கப்டன் மார்வல் சுப்பர்மானின் நகல் என்பது குற்றச்சாட்டு. விசாரணை 1948 இல் நடந்தது. நகலெடுத்தது உண்மையே, ஆனால் சுப்பர்மான் பத்திரிகைத் தொடராக வந்தபோது பதிப்புரிமைக் குறிப்பு முறையாக அச்சிடப்படாததால் உரிமை கைநழுவிவிட்டது என்று கீழ்நீதிமன்றம் போசெட்டுக்குச் சாதகமாகச் சொல்லிற்று. 1951 இல் மேன்முறையீட்டில் அது புரண்டது. அதை எழுதியவர் லேர்னட் ஹாண்ட் – அமெரிக்க நீதித்துறை இன்றும் மரியாதையோடு பெயர் சொல்லும் நீதிபதி. பறக்கும் மனிதர் இருவரின் உடுப்பையும் தாவலையும் அப்படிப்பட்ட ஒருவர் சீர்தூக்கிப் பார்க்க நேர்ந்தது என்பதே ஒரு விந்தை. அதற்கிடையில் வீரக்கதைகளின் விற்பனையும் சரிந்திருந்தது. 1953 இல் போசெட் 400,000 டொலர் செலுத்தி, கப்டன் மார்வலை நிறுத்திவிடச் சம்மதித்தது.

அதே ஆண்டு 'மாட்' சஞ்சிகை இந்தக் கூத்தைப் பகிடிக் கதையாக்கியது. ஹார்வி கேர்ட்ஸ்மன் எழுத, வொலி வூட் வரைந்த கதை அது. அதிலே வரும் போலிச் சுப்பர்மான், எதிராளியைத் தன்னைத் தானே குத்திக்கொள்ளச் செய்து வெல்கிறான். நீதிமன்றத்தில் நடந்ததற்கு இதைவிட நல்ல உரை எழுத முடியாது.

இதற்கொரு பின்கதையும் உண்டு. கப்டன் மார்வல் குடும்பத்தின் கதைகளில் பாதிக்கு மேல் எழுதிக் குவித்தவர் ஒட்டோ பைண்டர். வேலி மூடப்பட்டதும் அவர் எங்கே போவார்? வென்ற கம்பனியிலேயே சேர்ந்து சுப்பர்மானுக்குக் கதை எழுதினார். 1959 இல் சுப்பர்கேர்ள் பிறந்தது அவருடைய எழுத்தில்தான். வீரன் தோற்றான், எழுத்துக்காரன் வென்றவனுக்கு ஊழியம் செய்தான். 1972 இல் டி.சி. கப்டன் மார்வலையே தன் பக்கம் எடுத்துக்கொண்டது. ஆனால் அதற்குள், 1967 இலேயே, மார்வல் அந்தப் பெயரில் வேறொரு வீரனை வெளியிட்டுப் பெயருரிமையைக் கைப்பற்றியிருந்தது. ஆகவே பழைய வீரன் தன் பெயரைச் சஞ்சிகையின் அட்டையில் போட முடியாமல் 'ஷசாம்' என்ற தலைப்பில் வரவேண்டியதாயிற்று. 2019 இல் மார்ச் மாதம் 'கப்டன் மார்வல்' என்ற படமும், ஏப்ரல் மாதம் 'ஷசாம்' என்ற படமும் அடுத்தடுத்துத் திரைக்கு வந்தபோது, இரண்டும் ஒரே பெயரின் இரண்டு துண்டுகள் என்பதை எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்?

இனி ரசிகர்களிடம் வருவோம். அவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? சிறுவர்கள் எப்போதும் வாதாடியிருப்பார்கள். ஆனால் தெருவுக்குள் நின்ற வாதம் நாடு தழுவியதாக மாறியதற்கு ஒரு தபால் முகவரி காரணமாயிற்று. டி.சி.யின் ஆசிரியர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் 1961 அளவில் வாசகர் கடிதங்களை எழுதியவரின் முழு முகவரியோடு பிரசுரிக்கத் தொடங்கினார். இவர் சாதாரணமானவரல்லர். இளமையில் விஞ்ஞானக் கதை ரசிகராகச் சிற்றிதழ் நடத்தியவர். பின்னர் முகவராகி ரே பிராட்பரி, எச்.பி. லவ்கிராப்ட் ஆகியோரின் கதைகளைச் சஞ்சிகைகளுக்கு விற்றுக் கொடுத்தவர். ரசிகர்களுக்குள் கடிதப் பாலம் கட்டினால் என்ன விளையும் என்பதை அனுபவத்தில் அறிந்தவர்.

விளைந்தது ஒரு சிற்றிதழ் இயக்கம். டிட்ரொயிட் நகரின் வேய்ன் அரச பல்கலைக்கழகத்தில் இயற்கை விஞ்ஞானம் கற்பித்த ஜெரி பெயில்ஸ், மிசூரி மாநிலத்து இளைஞரான ரோய் தோமஸ் என்ற இருவர் 1961 மார்ச் மாதம் 'ஓல்டர் ஈகோ' என்ற இதழை வெளியிட்டார்கள். நமது றோணியோ இதழ்களைப் போலவே, எளிய பிரதி இயந்திரத்தில் ஓட்டி எடுத்தது. பழைய வீரர்களின் வலிமை என்ன, யார் எவரை எந்த இதழில் வென்றார், ஒரு கதைக்கும் மறு கதைக்கும் முரண் எங்கே – இவைதாம் அவர்களின் ஆராய்ச்சி.

கம்பனிகளும் இந்தத் தர்க்கத்தில் நெய் வார்த்தன. 1965 ஜனவரித் திகதியிட்ட தோர் கதையொன்றில், தோர் பெரியவனா ஹல்க் பெரியவனா என்று வீதியில் வாதாடும் இளைஞர் கூட்டத்தின் நடுவே தோரே வந்து நின்று, தனக்கும் ஹல்க்குக்கும் நடந்த சண்டையை வர்ணிக்கிறான். ஸ்டான் லீயும் ஜக் கேர்பியும் செய்த கதை. வாசகனையே கதைக்குள் இழுத்துப் போட்டுவிட்டார்கள். முடிவு மட்டும் வழமைபோல: வெற்றி தோல்வி இல்லை.

இங்கேதான் நான் சொல்லவந்த விடயம் இருக்கிறது. யார் பலசாலி என்று நிரூபிக்கப் பழைய இதழ்களைத் தோண்டியவர்களுக்கு வேறொன்று புலப்பட்டது. இந்தக் கதைகளை எழுதியவர் யார்? வரைந்தவர் யார்? பெரும்பாலான பக்கங்களில் பெயரே இல்லை. பட்மானின் ஒவ்வொரு கதையிலும் பொப் கேன் என்ற ஒரே பெயர். ஆனால் கோடுகள் ஒரே கையினுடையனவாக இல்லை. வசனங்களோ வேறொருவருடையவை. ஜெரி பெயில்ஸ் விடவில்லை. ஆசிரியர்களுக்கும் ஓவியர்களுக்கும் கடிதங்கள் எழுதினார். கையைப் பார்த்தே ஓவியரை இனங்காணப் பழகினார். 1970 களில் ஹேம்ஸ் வெயார் என்பவரோடு சேர்ந்து அமெரிக்கச் சித்திரக்கதைக் கலைஞர்களின் பெயர்க்கோவையை நான்கு பாகங்களாக வெளியிட்டார். ஏட்டுச்சுவடிகளில் பாடபேதம் பார்த்தவர்களின் உழைப்புக்கு இது சற்றும் குறைந்ததல்ல என்பது என் எண்ணம்.

1965 இல் நியூயோர்க்கில் நடந்த ரசிகர் மாநாடொன்றுக்கு பில் ஃபிங்கர் என்பவர் வந்தார். 1939 இல் வெளியான முதலாவது பட்மான் கதையை எழுதியவர் அவரே. முகமூடியையும் மேலங்கியையும் இருண்ட நிறத்தையும் பற்றி யோசனை சொன்னவரும் அவரே. ஆனால் பட்மானைக் கம்பனிக்கு விற்ற ஒப்பந்தத்தில் இருந்தது பொப் கேனின் பெயர் மட்டும். அந்த மாநாட்டை அடுத்துப் பெயில்ஸ், ஃபிங்கரின் பங்கை விளக்கி ஒரு கட்டுரை எழுதி ரசிகர் இதழில் சுற்றுக்கு விட்டார். சினமுற்ற கேன், பட்மானின் ஒரே படைப்பாளி தானே என்று ரசிகர்களுக்கு நீண்ட பகிரங்கக் கடிதம் வரைந்தார். ஒருபுறம் பெருஞ்செல்வரான ஓவியர், மறுபுறம் பிரதி இயந்திரத்தில் மை பூசிய கையோடு ஒரு ஆசிரியர். ஃபிங்கர் 1974 இல் இறந்தார். பட்மானின் படைப்பாளி என்ற பெயர் அதுவரை அவருக்கு எங்கும் வழங்கப்படவில்லை. கேன் 1989 இல் எழுதிய தன்வரலாற்றில்தான் நண்பருக்கு நியாயம் செய்யவில்லை என்று மனம் வருந்தினார். அது காலங்கடந்த வருத்தம்.

முத்து கொமிக்ஸ் படித்து வளர்ந்த நமது வாசகர்கள் இதைக் கேட்டு ஒரு கணம் நிதானிக்க வேண்டும். 1972 இல் முதலாவது இதழாக வந்த 'இரும்புக்கை மாயாவி' பிரித்தானியச் சித்திரக்கதை. அதை எழுதியவர் கென் பல்மர். வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஜெசுஸ் பிளாஸ்கோ. மூல இதழிலேயே அவர்களின் பெயர் அச்சிடப்படுவதில்லை. நாம் எங்கே அறிவது? கையொன்று இரும்பானவனை நாம் கொண்டாடினோம். அவனை வரைந்த கையை நினைத்தோமில்லை.

ரோய் தோமஸ் 1965 இல் மார்வலில் எழுத்தாளராகச் சேர்ந்தார். ரசிகனின் கைக்குப் பேனை வந்தால் என்ன செய்வான்? 1969 இல், டி.சி.யின் வீரர் அணியை ஒத்த ஒரு போலி அணியைத் தானே படைத்து மார்வல் வீரரோடு மோதவிட்டார். 1972 இல் இன்னும் குறும்பான ஒன்று நடந்தது. ஸ்டீவ் எங்கிள்ஹார்ட், ஜெரி கொன்வே, லென் வீன் என்ற மூவர், வேர்மொன்ட் மாநிலத்தின் ரட்லன்ட் என்ற சிற்றூரில் நடக்கும் ஹலோவீன் ஊர்வலத்தைக் களமாக வைத்து, மார்வலின் இரு இதழ்களிலும் டி.சி.யின் ஓர் இதழிலுமாக ஒரே கதையைத் துண்டு துண்டாக எழுதினார்கள். தாங்களே அதில் பாத்திரங்களாகவும் வந்தார்கள். தனியே படித்தால் ஒவ்வொன்றும் முழுக்கதை. இரு கம்பனிகளின் இதழ்களையும் வாங்குகிற வாசகனுக்கு மட்டும் உள்ளூர ஒரு சிரிப்பு. வேலிக்காரரைக் கேளாமலே வேலியைத் தாண்டிய அந்த முயற்சி, பின்னர் பணம் கொட்டி நடத்தப்பட்ட பல மோதல்களைவிட எனக்கு உவப்பானது.

முறைப்படியான மோதல் 1976 இல் வந்தது. சுப்பர்மானும் ஸ்பைடர்மானும் ஒரே அட்டையில்! பெரிய அளவுப் புத்தகம். விலை 2 டொலர். ஜெரி கொன்வே எழுத, ரோஸ் அன்ட்ரு வரைந்தார். எந்த வீரனும் மற்றவனுக்குக் கீழே தோன்றக்கூடாது. சுப்பர்மான் உருவங்கள் சிலவற்றை நீல் அடம்ஸ் திருத்தினார், ஸ்பைடர்மானின் முகங்களை மார்வலின் ஜோன் ரொமிற்றா சரிபார்த்தார். (பின்னர் 1988 இல் வந்த 'ஹூ பிரேம்ட் ரொஜர் ரபிட்' படத்தில் மிக்கி மவுசும் பக்ஸ் பணியும் ஒரே காட்சியில் ஒரே அளவு நேரம் தோன்றியதும் இதே கணக்குத்தான்.) ஸ்பைடர்மான் எப்படிச் சுப்பர்மானை அடிக்க முடியும்? வில்லன் லெக்ஸ் லூதர் அவன்மீது செஞ்சூரியக் கதிர்வீச்சைப் பாய்ச்சிவிடுகிறான். சிலநேரம் மட்டும் பலம் கூடுகிறது. ஆளுக்கொரு அடி, பிறகு கைகுலுக்கல், பிறகு பொது எதிரி. எழுத்தாளர் விரும்பியவர் வென்றாரா? இல்லை. இரு தரப்பு வழக்கறிஞர்களும் இணங்கக்கூடியது எதுவோ அதுவே நடந்தது.

அந்தப் புத்தகம் ஆயத்தமாகிக்கொண்டிருந்த அதே காலத்தில் சுப்பர்மானைப் படைத்தவர்களின் நிலை என்ன? ஷஸ்டருக்குப் பார்வை ஏறக்குறைய மங்கிவிட்டது. சீகல் கலிபோர்னியாவில் எழுதுவினைஞர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வோர்னர் நிறுவனம் சுப்பர்மான் திரைப்படத்துக்குப் பெருந்தொகை ஒதுக்குகிறது என்ற செய்தி வந்ததும், 1975 இல், அப்படத்தைச் சபித்து ஒரு நீண்ட அறிக்கை எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். நீல் அடம்ஸும் மூத்த ஓவியர் ஜெரி ரொபின்சனும் அவர்களுக்காகப் போராடினார்கள். டிசெம்பரில் கம்பனி இறங்கிவந்தது. ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 20,000 டொலர் ஓய்வூதியம். இனிச் சுப்பர்மான் தோன்றும் இடத்திலெல்லாம் இருவர் பெயரும் வரும். சுப்பர்மானின் உரிமையாளரைப் பணிய வைத்தது, ஆக, எந்தக் கற்பனை வீரனுமல்ல. பார்வை மங்கிய ஓவியரும் எழுதுவினைஞர் ஒருவரும்.

இரண்டாண்டுகளின் பின் அதே நீல் அடம்ஸின் தூரிகையில், எவ்விதச் சமநிலைக் கணக்கும் இன்றிச் சுப்பர்மான் ஒருவனிடம் தோற்றான். வென்றவர் முகம்மது அலி! 1978 இல் வந்த அந்தப் புத்தகத்தில், வேற்றுக்கிரகத்தார் பூமியின் சிறந்த வீரன் எவன் என்று கேட்க, சுப்பர்மானின் அதிசய பலத்தை அகற்றிவிட்டு இருவரையும் குத்துச்சண்டை மேடையில் ஏற்றுகிறார்கள். அலி அவனை அடித்து நொறுக்குகிறார். முகமெல்லாம் வீங்கியும் விழமாட்டேன் என்று நிற்கும் சுப்பர்மானை அடம்ஸ் வரைந்திருக்கும் அழகு, அதுவரை அவனை விரும்பாதவர்களையும் விரும்பச் செய்யும். உண்மையில் அலி அந்த ஆண்டு பெப்ரவரியில் லியோன் ஸ்பின்க்ஸிடம் தோற்றுப் பட்டத்தை இழந்து, செப்டெம்பரில் மீட்டுக்கொண்டார். கற்பனைக்கு அப்பாற்பட்ட மனிதருக்குத்தான் தோல்வியும் மெய்யாக இருந்தது.

தீர்ப்பை வாசகரிடமே விட்டால் என்ன என்ற யோசனை 1996 இல் செயலுக்கு வந்தது. நான்கு இதழ்கள், பதினொரு மோதல்கள். முதலாவதும் நான்காவதும் இதழ்களின் தலைப்பில் டி.சி.யின் பெயர் முந்தும். நடு இரண்டில் மார்வலின் பெயர் முந்தும். ஆறு மோதல்களை எழுத்தாளர்களான ரொன் மார்ஸும் பீற்றர் டேவிட்டும் முடிவு செய்ய, மூன்றுக்கு மூன்றாகச் சமநிலை. எஞ்சிய ஐந்துக்கும் வாசகரின் வாக்கு. சுப்பர்மான் ஹல்க்கை வென்றான். பட்மான் கப்டன் அமெரிக்காவை வென்றான். ஸ்பைடர்மான் சுப்பர்போயை வென்றான். வுல்வரினுக்கும் லோபோவுக்கும் நடந்த சண்டையைக் காட்டவேயில்லை. மதுக்கடை மேசையின் பின்னால் இருவரும் விழுந்தார்கள், வுல்வரின் சுருட்டோடு எழுந்தான், அவ்வளவுதான்.

பெரும் சச்சரவு வொண்டர் வுமனின் தோல்வியால் எழுந்தது. தெய்வங்களின் வரம் பெற்றவளை, மழையையும் மின்னலையும் ஆளும் ஸ்டோர்ம் வென்றாள். பலக்கணக்குப் பார்த்த ரசிகர்கள் கொதித்தார்கள். காரணம் பலத்தில் இல்லை. ஸ்டோர்ம் எக்ஸ்மென் அணியைச் சேர்ந்தவள். 1991 இல் அந்த அணியின் புதிய சஞ்சிகையின் முதலிதழ் 80 இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றிருந்தது. எவளைக் கூடுதலானோர் படித்தார்களோ அவள் வென்றாள். வாக்கெடுப்பு என்பது அதுதானே! மொத்தக் கணக்கில் ஆறுக்கு ஐந்து, மார்வல் வென்றது. வென்ற மார்வல் அதே 1996 டிசெம்பரில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றத்தின் படியேறியது. சேகரிப்பாளர் சந்தை சரிந்ததும் கடன்சுமையும் அதற்குக் காரணங்கள்.

திரைப்படங்களுக்கு வந்தால், அங்கும் வேலிதான் கதை. பணமுடைக் காலத்தில் மார்வல் எக்ஸ்மென்னை பொக்ஸ் நிறுவனத்துக்கும் ஸ்பைடர்மானை சோனிக்கும் கொடுத்திருந்தது. அதனால் 2012 இல் 'அவென்ஜர்ஸ்' படம் வந்தபோது ஸ்பைடர்மான் பக்கத்து வீட்டுப் பிள்ளையாக வெளியே நின்றான். 2015 இல் சோனியோடு உடன்பாடு கண்ட பின்னரே, 2016 மே மாதம் வெளியான 'கப்டன் அமெரிக்கா: சிவில் வோர்' படத்தில் அவன் வந்து சேர்ந்தான். எக்ஸ்மென் வந்து சேர, டிஸ்னி 2019 இல் பொக்ஸின் பெரும்பகுதியை 71 பில்லியன் டொலருக்கு வாங்க வேண்டியிருந்தது. எவன் எவனோடு மோதுவான் என்று ரசிகர்கள் கனவு கண்டதெல்லாம் பங்குச்சந்தை அறிக்கையின் அடிக்குறிப்புகளாயின.

2016 மார்ச் மாதம் வந்த 'பட்மான் எதிர் சுப்பர்மான்' பற்றி இன்றும் ரசிகர்கள் ஓய்ந்தபாடில்லை. பிராங்க் மில்லர் 1986 இல் எழுதி வரைந்த முதிய பட்மானின் கதையிலிருந்து அந்தச் சண்டையின் சாயலை எடுத்திருந்தார்கள். இருவரின் தாய்மாரின் பெயரும் மார்த்தா என்றறிந்ததும் பட்மான் ஈட்டியைக் கீழே போடுகிறான். கேலி செய்தவர்கள் அநேகர். அந்த இடத்தில் திரைக்கதை தடுமாறுகிறது என்றே நானும் எண்ணுகிறேன். ஆனால் பெயர் ஒன்றால் அப்படத்தில் வேறொரு வழக்கு முடிந்தது. பட்மானைப் படைத்தவர் பொப் கேன், கூடவே பில் ஃபிங்கர் என்று ஒரு முழுநீளத் திரைப்படம் முதன்முதலாக அறிவித்தது அதில்தான். ஃபிங்கரின் பேத்தியின் முயற்சியாலும் ஆய்வாளர் மார்க் டைலர் நொபில்மன் போன்றோரின் தேடலாலும் 2015 இல் கிடைத்த உரிமை அது. பெயில்ஸ் தமது கட்டுரையைச் சுற்றுக்கு விட்டு ஐம்பது ஆண்டுகள் கடந்திருந்தன. அவரும் 2006 இல் காலமாகியிருந்தார்.

இறுதியாக ஓவியர் ஜோர்ஜ் பெரெஸைச் சொல்லாமல் விட முடியாது. டி.சி.யின் நீதி அணியும் மார்வலின் அவென்ஜர்ஸ் அணியும் சந்திக்கும் புத்தகத்தை வரைய அவர் 1980 களின் தொடக்கத்தில் அமர்த்தப்பட்டார். 21 பக்கங்கள் வரைந்து முடித்திருந்தார். ஆசிரியர்களுக்கிடையே கதையைப் பற்றி மூண்ட பிணக்கில் 1983 இல் புத்தகம் கைவிடப்பட்டது. இருபது ஆண்டுகள் சென்று, 2003 இல், கேர்ட் பியூசிக் எழுத மீண்டும் அதே பெரெஸ் வரையத் தொடங்கினார். தோரைச் சுப்பர்மான் வெல்கிறான். பின்பு தோரின் சம்மட்டியையும் கப்டன் அமெரிக்காவின் கேடயத்தையும் ஒருசேர ஏந்தி நிற்கிறான். ரசிகர்கள் அதைப்பற்றி இன்றும் பிணங்குகிறார்கள். மூன்றாவது இதழின் அட்டையில் இரு அணிகளிலும் என்றாவது இருந்த 200 க்கும் மேற்பட்ட வீரர்களை, ஒருவரையும் விடாமல், பெரெஸ் வரைந்தார்.

அந்தப் புத்தகம் பல ஆண்டுகள் மறுபதிப்புக் காணவில்லை. இரு வேலிக்காரரும் மீண்டும் இணங்கவேண்டுமே. 2021 டிசெம்பரில், தமக்குக் கணையப் புற்றுநோய் முற்றிவிட்டது, இன்னும் ஆறு மாதமோ ஓராண்டோதான் என்று பெரெஸ் தாமே அறிவித்தார். ரசிகர்கள் கேட்டார்கள், இம்முறை இரு கம்பனிகளும் சம்மதித்தன. நோயுற்ற சித்திரக்கதைக் கலைஞர்களுக்கு உதவும் ஹீரோ இனிஷியேட்டிவ் என்ற அமைப்பின் வழியாக 2022 மார்ச்சில் 7,000 பிரதிகள் மட்டும் அச்சாகி, உடனே தீர்ந்துபோயின. பெரெஸ் அவ்வாண்டு மே 6 ஆந் திகதி, தமது 67 ஆவது வயதில் காலமானார்.